ஆச்சியின் கையளவைத் தாளில் ஏற்றுவது எப்படி? சிக்கனச் சமையல் குறிப்பை எழுதவும் கொடுக்கவும் வாங்கவும்

உளுந்தஞ்சோறு எப்படி ஆக்குவது என்று எங்கள் ஆச்சியிடம் கேட்டால், "அரிசி போடு, அதில் பாதி உளுந்து போடு, பூண்டு உரிச்சுப் போடு, வெந்தயம் கொஞ்சம், தேங்காய் இருந்தா துருவிப் போடு, தண்ணியைக் கண்டமேனிக்கு ஊத்தாதே" என்பாள். அவ்வளவுதான், குறிப்பு முடிந்தது. திருநெல்வேலிப் பக்கம் இந்தச் சோற்றைத் தின்று வளர்ந்த எனக்கே இதை வைத்துக்கொண்டு சென்னையில் முதல் தடவை ஆக்கியபோது அடிப்பிடித்த களிதான் கிடைத்தது. சாப்பிட்டே பார்க்காத ஒருவர் கையில் இதே நாலு வரியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

புதிதாகச் சமைக்க வந்தவர்கள், கையில் அதிகம் காசு இல்லாமல் மாதத்தை ஓட்டுகிறவர்கள், அக்கம்பக்கத்திலும் சொந்தத்திலும் கேட்டு நாலு குறிப்பு சேர்க்க நினைக்கிறவர்கள், தனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள், எல்லாரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உளுந்தஞ்சோற்றையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் அதிகம் தப்புப் பண்ணியிருக்கிறேன்.

முதலில், எந்தச் சாப்பாடு?

குறிப்பு எழுதலாம் என்று உட்கார்ந்ததும் எல்லாருக்கும் பிரியாணியும் அதிரசமும்தான் ஞாபகம் வரும். அதை விடுங்கள். மாதக் கடைசியில், சம்பளம் வர நாலு நாள் இருக்கும்போது, காய்க்கூடையில் ரெண்டு தக்காளியும் வாடின கருவேப்பிலையும் மட்டும் கிடக்கும்போது உங்கள் வீட்டில் என்ன ஆக்குவீர்கள்? அதுதான் அடுத்தவருக்கு வேண்டும். வாரம் ஒரு தரமாவது செய்கிற, கை பழகின சாப்பாடாக இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற பலகாரத்தில் உங்களுக்கே சந்தேகம் இருக்கும், அதை எழுதினால் அந்தச் சந்தேகமும் சேர்ந்தே போகும்.

இன்னொன்றும் பாருங்கள். அரை ஸ்பூன் போடுவதற்காக ஐம்பது கிராம் பாக்கெட் ஒன்றைப் புதிதாக வாங்க வேண்டிய சாப்பாடு சிக்கனச் சாப்பாடே கிடையாது, எத்தனை மலிவான காய் போட்டிருந்தாலும் சரி. அஞ்சறைப்பெட்டியில் ஏற்கெனவே இருப்பதை வைத்து முடிகிறதா என்று பாருங்கள்.

அளவைப் பிடிப்பது

பெரியவர்களிடம் போய் "எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் தப்பாக இருக்கும். அவர்கள் பொய் சொல்வதில்லை, அளவு அவர்கள் கையில் இருக்கிறதே தவிர வாயில் இல்லை. கேட்கக் கேட்க அவர்களுக்கும் கை தடுமாறும். நான் கண்டுபிடித்த வழி இதுதான்: சமைக்க ஆரம்பிக்கும் முன்பே ஒவ்வொன்றையும் தெரிந்த அளவில் எடுத்துத் தனித்தனிக் கிண்ணத்தில் அவர்கள் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அரிசி மூன்று டம்ளர், உளுந்து ரெண்டு டம்ளர், உப்பு பத்து ஸ்பூன், இப்படி. அவர்கள் தங்கள் போக்கில் கையால் அள்ளிப் போடட்டும். முடிந்ததும் மிச்சத்தை அளந்து கழித்துவிட்டால் போட்டது எவ்வளவு என்று வந்துவிடும். ஆச்சிக்கு நான் அளக்கிறேன் என்பதே தெரியாது. 'பாதி உளுந்து' என்று அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது, ஆனால் 'வெந்தயம் கொஞ்சம்' என்றது முழுசாக ஒரு டீஸ்பூனுக்கு மேலே போயிருந்தது. நானோ பத்து வெந்தயத்தை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தேன்!

அப்புறம் டம்ளர். உங்கள் வீட்டு டம்ளரும் என் வீட்டு டம்ளரும் ஒன்றில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி டம்ளரில் ஊற்றிப் பாருங்கள், ஐந்து டம்ளர் வந்தால் அது 200 மில்லி, நாலு வந்தால் 250. குறிப்பின் முதல் வரியிலேயே "இதில் டம்ளர் என்பது 200 மில்லி" என்று எழுதிவிடுங்கள். ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லிதான், ஹாஸ்டலிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள் அதைத்தான் 'ஒரு கப்' என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அமெரிக்கக் கப் 240 மில்லியை ஒட்டி வரும். அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே கப்பைப் போட்டு அளந்தால் விகிதம் கெடாது, உப்பும் புளியும்தான் மாட்டிக்கொள்ளும்.

ஸ்பூனிலும் இதே தகராறு. டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. அஞ்சறைப்பெட்டிக்குள் கிடக்கும் குட்டிக் கரண்டி பெரும்பாலும் டீஸ்பூனில் பாதிகூட வராது. அளவுக் கரண்டி செட் வாங்கச் சொல்ல மாட்டேன், இருமல் மருந்து பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடி வீட்டில் எங்காவது கிடக்கும், அதில் 5, 10 என்று கோடு போட்டிருக்கும். அதைக் கழுவி, அந்தக் கோடு வரை தண்ணீர் எடுத்து, உங்கள் கரண்டியில் எத்தனை முறை பிடிக்கிறது என்று ஒரே ஒரு தடவை பார்த்துக்கொண்டால் ஆயுசுக்கும் போதும்.

உப்பு எழுதும்போது கல் உப்பா தூள் உப்பா என்று கட்டாயம் சொல்லுங்கள். ஒரே ஸ்பூனில் கல் உப்பு இடைவெளி விட்டு நிற்கும், அதனால் எடை குறைவாகப் பிடிக்கும். கல் உப்புக்குச் சொன்ன அளவில் ஒருவர் தூள் உப்பைப் போட்டால் கரிக்கும். புளியை "எலுமிச்சை அளவு", "நெல்லிக்காய் அளவு" என்று சொல்வது நல்ல பழக்கம்தான், ஆனால் கொட்டையும் நாரும் எடுத்ததா எடுக்காததா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் பழைய நோட்டு ஏதாவது இருந்தால் அதில் 'பலம்', 'வீசை', 'ஆழாக்கு' என்றெல்லாம் வரும். கிலோக் கணக்குக்கான சட்டம் 1956-ல் வந்து, பழைய கணக்கு புழக்கத்திலிருந்து போகச் சில வருஷம் பிடித்தது. அதற்கு முன்னால் பழகினவர்கள் கடைசி வரை பலத்தில்தான் எழுதினார்கள். ஒரு பலம் 35 கிராம், எட்டுப் பலம் ஒரு சேர், நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. எட்டு ஆழாக்கு ஒரு படி. '2 பலம் புளி' என்று இருந்தால் 70 கிராம் என்று மாற்றி எழுதுங்கள், ஆனால் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பேர்க் குழப்பம்

இதில் நான் நன்றாக அடி வாங்கியிருக்கிறேன். சென்னையில் பிறந்து வளர்ந்த என் மதினிக்கு ஒரு முறை குழம்பு எழுதி அனுப்பினேன், 'மிளகாய்த்தூள் 3 ஸ்பூன்' என்று. எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் என்றால் வத்தலும் மல்லியும் சேர்த்து மில்லில் அரைத்த குழம்புப் பொடி. மதினி வீட்டில் அந்தப் பேருக்குத் தனி மிளகாய் அரைத்த தூள்தான். மூன்று ஸ்பூனையும் போட்டுவிட்டு அன்றைக்கு ராத்திரி அண்ணன் போன் பண்ணிக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

அதிலிருந்து இரண்டு பெயர் இருக்கிற எதற்கும் இரண்டையும் எழுதுகிறேன். நாங்கள் மிளகாய் வத்தல் என்பதை நீங்கள் காய்ந்த மிளகாய் என்பீர்கள். பொரிகடலை என்பது சென்னையில் பொட்டுக்கடலை. நாங்கள் சீனியவரைக்காய் என்பது கொத்தவரங்காய். தடியங்காய் என்றால் வெள்ளைப் பூசணி. வெறும் 'பூசணிக்காய்' என்று எழுதினால் ஒருவர் மஞ்சளை வாங்குவார், இன்னொருவர் வெள்ளையை வாங்குவார், தஞ்சாவூர்க்காரர் மஞ்சளைப் பரங்கி என்றால்தான் ஒத்துக்கொள்வார். உளுந்தஞ்சோற்றுக்கு வேண்டியது தொலி உளுந்து. சென்னைக் கடையில் அந்தப் பேரைச் சொன்னால் முழிப்பார்கள், 'தோலோடு உடைத்த கருப்பு உளுந்து' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

பதம்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

அளவு எல்லாம் சரியாக எழுதியும் சாப்பாடு கெட்டுப்போகிறது என்றால் பதத்தை எழுதவில்லை என்று அர்த்தம். 'பச்சை வாசனை போகும் வரை' என்று எல்லாரும் எழுதுகிறோம். புதிதாகச் சமைக்கிறவருக்குப் பச்சை வாசனை எது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இப்படி எழுதிப் பாருங்கள்: "புளித்தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு நெடி வரும், ஏழெட்டு நிமிஷத்தில் அது அடங்கி, ரசம் வாசனை லேசாகத் தலைகாட்டும்." கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள், காதுக்குக் கேட்பதையும் எழுதுங்கள், மூக்குக்கு வருவதையும். கருப்பு எள்ளை வறுக்கும்போது நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது, அது ஏற்கெனவே கருப்பு. அப்போது காதைத்தான் நம்ப வேண்டும், படபடவென்று பொரிந்து, அந்தச் சத்தம் குறையத் தொடங்கும்போது இறக்கிவிட வேண்டும், இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் துவையல் கசக்கும். கடுகும் அப்படித்தான், வெடிக்க ஆரம்பித்ததும் அடுத்ததைப் போடச் சொல்லாதீர்கள், வெடித்து அடங்கியதும் என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் பாதிக் கடுகு பல்லில் கசந்துகொண்டு கிடக்கும்.

கூடவே நிமிஷமும் போடுங்கள். பதம், நிமிஷம் இரண்டில் ஒன்று தவறினாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

குக்கர் விசிலைப் பற்றி ஒரு வார்த்தை. 'மூன்று விசில்' என்பது அளவே கிடையாது. அடுப்பு வேகமாக எரிந்தால் நாலு நிமிஷத்தில் மூன்று விசில் வந்துவிடும், பெரிய குக்கரில் மெதுவாக எரிந்தால் பதினைந்து நிமிஷம் ஆகும், உள்ளே பருப்பு வெந்திருப்பதும் வேகாமலிருப்பதும் அந்த நிமிஷத்தைப் பொறுத்தது. முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி இத்தனை நிமிஷம் என்று எழுதுங்கள். கேஸும் மிச்சம். உங்கள் குறிப்பு ஊட்டிக்குப் போகிறது என்றால் இன்னும் ஒன்று உண்டு: 2,200 மீட்டருக்கு மேலே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகிறதுக்குள் பொறுமை வெந்துவிடும். அங்கே இருக்கிறவர்களுக்குக் குக்கர் வேண்டும், இட்லி மாவு புளிக்கக் கூடுதல் நேரமும் வேண்டும். சென்னையில் மே மாதத்தில் ஆறு மணி நேரத்தில் பொங்கும் மாவு அங்கே மறுநாள் மத்தியானம் வரைகூட அசையாமல் கிடக்கும்.

எதை விடலாம், எதை விடக்கூடாது

சிக்கனமாகச் சமைக்கிறவருக்குக் குறிப்பில் இருப்பதெல்லாம் வீட்டில் இருக்காது. அவர் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும், எதை விடலாம் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவர் தப்பானதை விட்டுவிடுவார். உளுந்தஞ்சோற்றில் வெந்தயத்தையும் பூண்டையும் விட்டால் அது வெறும் பிசுபிசுப்பான சோறு. சீரகத்தை விடலாம். தேங்காய் விலை ஏறிக் கிடக்கும்போது அரை மூடிக்குப் பதில் கால் மூடி போடலாம், ருசி குறையும், கெடாது. நல்லெண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டால்? சாப்பிடலாம், ஆனால் ஆச்சியிடம் சொல்லாதீர்கள்.

ரேஷன் அரிசியில் செய்யலாமா என்பதையும் எழுதிவிடுங்கள், கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அந்த அரிசிக்குக் காசு கிடையாது, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. மாதாமாதம் வீட்டுக்கு வருகிற பொருளை விட்டுவிட்டு எழுதுவது என்ன சிக்கனக் குறிப்பு? ரேஷன் புழுங்கலரிசி உளுந்தஞ்சோற்றுக்கு நன்றாகவே வரும். நாலைந்து தண்ணீரில் அலசி, அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். இட்லிக்கும் அதே அரிசி நாலு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு ஸ்பூன் போட்டால் பஞ்சு மாதிரி வரும். அரிசி கழுவும்போது சிலது வேறு நிறத்தில் மிதந்தால் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிப் போடாதீர்கள். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட அரிசி, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். எங்கள் தெருவில் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

காசுக் கணக்கு

'மலிவான சாப்பாடு' என்று தலைப்புப் போட்டுவிட்டு எவ்வளவு ஆகும் என்று சொல்லாமல் விடுவது எனக்குப் பிடிக்காது. கடைசியாக வாங்கிய மளிகை பில்லை எடுத்து வைத்துக்கொண்டு போட்ட அளவுக்கு மட்டும் கணக்குப் பாருங்கள். போன வாரம் நாலு பேருக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் எனக்கு இப்படி ஆனது: கடை அரிசி 15 ரூபாய், தொலி உளுந்து 20, பூண்டு 6, தேங்காய் 18, வெந்தயம் சீரகம் 3, எள் 10, வத்தல் புளி 5, நல்லெண்ணெய் 8. மொத்தம் 85 ரூபாய், ஆளுக்கு 21 ரூபாய் சொச்சம். ரேஷன் அரிசி என்றால் 70 ரூபாய். கேஸ் இதில் சேரவில்லை. விலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் பக்கத்தில் மாதத்தையும் வருஷத்தையும் குறித்துவிடுங்கள், ரெண்டு வருஷம் கழித்துப் படிக்கிறவர் உங்களைப் பொய்க்காரராக நினைக்கக் கூடாதல்லவா?

எழுதி முடித்ததும் எப்படி இருக்க வேண்டும்

முதலில் மோசமான குறிப்பு ஒன்று, நானே பல வருஷம் முன்னால் எழுதினது: "புளி கரைத்து தக்காளி போட்டு ரசப்பொடி போட்டு கொதிக்க விட்டு தாளித்து இறக்கவும்." இதில் எத்தனை பேருக்கு என்று இல்லை, தண்ணீர் எவ்வளவு என்று இல்லை, எல்லாவற்றையும் விட மோசம் 'கொதிக்க விட்டு' என்று எழுதினது. மிளகு சீரகம் சேர்த்த பிறகு ரசம் தளதளவென்று கொதித்தால் வாசனை போய்விடும், சுற்றி வர நுரை கட்டி நடுவில் குழியும்போதே அடுப்பை அணைக்க வேண்டும். ரசத்தின் உயிரே அந்த ஒரு வரியில் இருக்கிறது, அதையே தப்பாக எழுதியிருக்கிறேன்.

இனி உளுந்தஞ்சோறு, இப்போது நான் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிற மாதிரியே:

நாலு பேருக்கு. டம்ளர் 200 மில்லி, ஸ்பூன் என்றால் 5 மில்லி டீஸ்பூன். புழுங்கலரிசி ஒன்றரை டம்ளர், தொலி உளுந்து முக்கால் டம்ளர், தண்ணீர் ஆறு டம்ளர், பூண்டு பெரிய பல்லாக இருபது உரித்தது, வெந்தயம் ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், தேங்காய் அரை மூடி துருவியது, தூள் உப்பு ஒன்றரை ஸ்பூன் தலைதட்டி எடுத்தது.

அரிசியை அலசி அரை மணி நேரம் ஊற வையுங்கள். உளுந்தை வெறும் சட்டியில் சிறு தீயில் மூன்று நாலு நிமிஷம் வறுங்கள். உடைந்த பக்கம் வெள்ளையாகத் தெரியும் இல்லையா, அது லேசாக மஞ்சளுக்குத் திரும்பி வாசனை வந்ததும் போதும், சிவக்க விட வேண்டாம். வறுத்ததை ஒரு தண்ணீரில் அலசுங்கள், தோல் கொஞ்சம் மிதந்து போகும், எல்லாத் தோலையும் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், அந்தத் தோலுக்காகத்தான் இந்த உளுந்தை வாங்கினோம். ஐந்து லிட்டர் குக்கரில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரிசி, உளுந்து, பூண்டு, வெந்தயம், சீரகம், உப்பு எல்லாம் போட்டுக் கிளறி மூடுங்கள். மூன்று லிட்டர் குக்கர்தான் இருக்கிறது என்றால் அளவைப் பாதியாக்குங்கள், உளுந்து நுரைத்து விசில் துளையை அடைத்துவிடும், குக்கர் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது.

முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கிப் பத்து நிமிஷம். ஆவி தானாக அடங்கின பிறகு திறந்து, தேங்காய்த் துருவலைத் தூவி, அகப்பையின் காம்பால் மெதுவாகக் கிளறுங்கள். சூட்டோடு பார்க்கும்போது கொஞ்சம் தளர்வாக, பொங்கலை விட ஒரு மாற்று கெட்டியாக இருக்க வேண்டும், ஆறினால் இறுகும். பூண்டை விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். பச்சரிசி போடுகிறவர்கள் தண்ணீரில் ஒரு டம்ளர் குறைத்துக்கொள்ளுங்கள். குக்கர் இல்லாதவர்கள் உளுந்தையும் அரை மணி நேரம் ஊறப்போட்டு, அடிகனமான பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கூட வைத்து, மூடி போட்டு முப்பது நாற்பது நிமிஷம், நடுவில் கிளறிக் கிளறி விடவேண்டும். நான் அடிப்பிடிக்க விட்டது இங்கேதான், மெல்லிசான அலுமினியச் சட்டியில் வைத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

எள்ளுத் துவையலுக்கு எள் நாலு டேபிள்ஸ்பூன், மிளகாய் வத்தல் ஐந்து, கொட்டையும் நாரும் எடுத்த புளி நெல்லிக்காய் அளவு, பூண்டு ரெண்டு பல், தேங்காய் ரெண்டு மூன்று டேபிள்ஸ்பூன், உப்பு. எள்ளை அலசி வடித்து வறுத்து (சத்தம் பற்றி மேலே சொன்னேன்), வத்தலை அரை ஸ்பூன் எண்ணெயில் வறுத்து, முதலில் எள்ளையும் வத்தலையும் உப்பையும் பொடித்துவிட்டு, அப்புறம் மற்றதைச் சேர்த்துத் தண்ணீர் தெளித்துக் கெட்டியாக அரையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் எள் மசியாமல் பல்லில் நிற்கும். சோற்றில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும், வேறு வெஞ்சனம் தேவையில்லை. பெண்பிள்ளைகளுக்கு இடுப்புக்குப் பலம் என்று எங்கள் பக்கம் சொல்லிச் சொல்லிப் போடுவார்கள், ஆனால் பங்குக்கு முதலில் தட்டை நீட்டுவது அண்ணன்கள்தான்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் குறிப்பின் அடியில் எழுதாமல் விடாதீர்கள். தேங்காய் சேர்ந்த சோறு, வெயில் காலத்தில் காலையில் ஆக்கினால் மத்தியானத்தோடு தீர வேண்டும். மிச்சம் இருக்கும் என்று தெரிந்தால் ஆறினதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், வெளியிலேயே கிடந்து புளித்த வாடை வந்ததைச் சுடவைத்துச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். தேங்காய் போடாமல் எள்ளையும் வத்தலையும் பொடியாகவே திரித்து வைத்தால் ஈரக் கரண்டி படாதவரை இரண்டு வாரம் கவலையில்லை.

கொடுப்பது, வாங்குவது

எழுதினதை உடனே பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள். சமைக்கத் தெரிந்த ஒருவர், சமைக்கப் பழகாத ஒருவர், இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்து ஆக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பழகாதவர் கேட்கிற கேள்விகள்தான் தங்கம். என் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த தம்பி ஒருவன் "அக்கா, பூண்டு உரிச்சுப் போடணுமா, தோலோட போடணுமா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் என் தாளில் 'பூண்டு 20 பல்' என்றுதான் இருந்தது, உரித்து என்ற சொல்லே இல்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள் என்றால் தயவுசெய்து தட்டச்சு செய்து அனுப்புங்கள். நாலு நிமிஷக் குரல் பதிவை மாவுக் கையோடு முன்னும் பின்னும் ஓட்டி 'எத்தனை டம்ளர் சொன்னாங்க' என்று தேடுவது பெரிய தண்டனை. படம் ஒன்று போதும், அதுவும் தட்டில் அலங்கரித்து வைத்தது வேண்டாம், வறுத்த உளுந்தின் நிறம் மாதிரி வார்த்தையில் அடங்காததை எடுங்கள். யாரிடம் கற்றது என்று ஒரு வரி சேருங்கள், 'எதிர்வீட்டு அத்தை சொன்ன முறை' என்று. அத்தைக்கு அது எத்தனை சந்தோஷம் என்பது அடுத்த நாள் உங்கள் வீட்டுக்கு வரும் கிண்ணத்தில் தெரியும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் தடவை எழுதியபடியே செய்யுங்கள். தொலி உளுந்துக்குப் பதில் பாசிப்பருப்பு போட்டு, பூண்டு பிடிக்காது என்று விட்டு, தேங்காய்க்குப் பதில் பால் ஊற்றி, 'நீங்க சொன்ன மாதிரி வரலையே' என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். ரெண்டாம் தடவை உங்கள் இஷ்டம். ஆக்கின பிறகு கொடுத்தவருக்கு ரெண்டு வரி எழுதிப் போடுங்கள், எந்தப் பாத்திரம், என்ன அரிசி, தண்ணீர் போதுமானதாக இருந்ததா என்று. 'சூப்பர்' என்று மட்டும் போட்டால் அதை வைத்து அவர் எதைத் திருத்துவார்?

நாலைந்து வீடு இப்படிப் பழகிவிட்டால் பொடி விஷயத்தில் நல்ல லாபம் உண்டு. மில்லில் கால் கிலோ வத்தலைக் கொண்டுபோனால் அரைக்க யோசிப்பார்கள், முன்னால் அரைத்தவருடைய மாவு வேறு கலந்துவிடும். நாலு வீட்டுக்கும் சேர்த்து ரெண்டு கிலோ வத்தல், நாலு கிலோ மல்லி மொத்தக் கடையில் வாங்கி, ரெண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காயவைத்து ஒரே தடவையாக அரைத்துப் பங்கு போட்டுக்கொள்கிறோம். யார் வீட்டு மாடி, யார் காக்கை விரட்டுவது என்பதில் வரும் சண்டை தனி. இன்னொரு லாபமும் உண்டு, இப்போது நாலு வீட்டிலும் ஒரே பொடி, 'மிளகாய்த்தூள் 3 ஸ்பூன்' என்று நான் எழுதினால் நாலு வீட்டிலும் ஒரே காரம்.

திருத்தம் வர வர அதே தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள், புதுத் தாள் எடுக்காதீர்கள். என்னுடைய உளுந்தஞ்சோற்றுத் தாளில் 'ஊட்டி: 4 நிமிஷம் கூட', 'ரைஸ் குக்கர்: தண்ணீர் அரை கப் கூட', 'பூண்டு உரித்து!!' என்று ஓரமெல்லாம் நிறைந்துவிட்டது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆச்சிக்கு அதை வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சுக்கு ஒரு துண்டு தட்டிப் போடுவேனே, அதை ஏன் எழுதலை?" என்றாள். நான் மிச்சத்தை அளந்த அன்றைக்கு வீட்டில் சுக்கு தீர்ந்துபோயிருந்ததாம்.